தூரிகை ஏந்திய சக்தி: அம்ரிதா ஷெர்கில்

திருப்பெருந்துறை என்று பழம்பெயர் தாங்கிய ஆவுடையார்கோவில், பெண்மையின் ஆற்றலைத் தன் பெயரிலேயே பொதிந்து வைத்திருக்கும் ஊராகும். ஆத்மநாதர் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடை மட்டுமே உள்ளது. ஆவுடை சத்தியின் கூறு என்பர் சைவர். யோகாம்பிகை சந்நிதியில் அம்மைக்கு உருவமே இல்லை. திருவடிகளே வழிபாடு கொள்கின்றன. கருவறையில் உருவத்தைத் துறந்த இதே கோயில், வெளி மண்டபங்களில் உருவங்களால் நிறைந்து வழிகிறது. கல்லைத் தேக்குமரம்போல் இழைத்த கொடுங்கையும், கூடை ஏந்திய குறத்தியின் நிமிர்ந்த நிலையும் காண்போரை நெடுநேரம் நிறுத்தி வைக்கின்றன.

அந்தக் குறத்தியைச் செதுக்கிய கை ஆணின் கை. நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் தூண்களில் மங்கிய வண்ணத்தில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் நடனப் பெண்களை எழுதிய கையும் அத்தகையதே. பெண் காலமெல்லாம் கலையின் பொருளாக இருந்திருக்கிறாள். அவள் கையால் நாள்தோறும் பிறந்த கலை ஒன்று உண்டு, அது வாசற்கோலம். காலையில் பிறந்து, மாலைக்குள் நடப்போர் காலடியில் அழிந்துவிடும் கலை அது. அழியாத கலையைப் பெண்ணின் கை படைத்தால், பெண் அதில் எவ்வாறு தோன்றுவாள்? இவ்வினாவுக்கு இந்திய ஓவியத்தில் முதன்முதலாக முழுமையான விடை தந்தவர் அம்ரிதா ஷெர்கில் (1913–1941). இருபத்தெட்டு ஆண்டுகளே வாழ்ந்தவர். அவற்றுள் தேர்ந்த ஓவியராகத் தாய்நாட்டில் பணிபுரிந்த காலம் ஏழு ஆண்டுகளே.

கவிஞர்கள் கூடும் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஓர் ஓவியரின் வாழ்வு எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். பேசாத ஒருவரின் மௌனத்தைப் பிறர் உணரச் செய்வது கவிஞர்க்கும் ஓவியர்க்கும் பொதுவான பணி. அப்பணியில் இரக்கம் எங்கே முடிகிறது, அறிதல் எங்கே தொடங்குகிறது என்பதை அம்ரிதாவின் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது. அதனாலேயே அவரை இங்கு நினைவுகூர்கிறோம்.

இரு நாடுகளின் மகள்

அம்ரிதா 1913 சனவரி 30 அன்று ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபின் மஜீதியா குடியைச் சேர்ந்த சீக்கியப் பிரபு. வடமொழியும் பாரசீகமும் கற்றவர். கவிஞர் இக்பாலின் நண்பர். நிழற்படக் கலையில் பெருவிருப்பம் கொண்டு தம் குடும்பத்தையும் தம்மையும் பல்லாண்டுகள் படமெடுத்தவர். தாய் மரி அந்துவானெத், ஹங்கேரி நாட்டு இசை நாடகப் பாடகி. மகாராசா ரஞ்சித் சிங்கின் பேத்தியான இளவரசி பம்பாவின் தோழியாக அவர் லாகூருக்கு வந்தபோது உம்ராவ் சிங்கைச் சந்தித்தார். 1912இல் திருமணம் நிகழ்ந்தது. மணமக்கள் ஹங்கேரிக்குச் சென்றனர். அங்கே அம்ரிதாவும், அடுத்த ஆண்டில் தங்கை இந்திராவும் பிறந்தனர்.

இந்த இந்திராவைப் பற்றித் தமிழர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் பிற்காலத்தில் மணந்துகொண்டவர் கே.வி.கே. சுந்தரம் என்னும் தமிழர். இந்தியக் குடிமைப் பணியில் இருந்து, 1958 முதல் 1967 வரை நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கியவர். அவர்களுடைய மகன் விவான் சுந்தரம் (1943–2023) புகழ்பெற்ற ஓவியர். தம் பெரியம்மாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் தொகுத்துப் பதிப்பித்தவரும் அவரே.

முதல் உலகப்போர் மூண்டதால் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. 1921இல், அம்ரிதாவின் எட்டாம் வயதில், அவர்கள் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறினர். குழந்தைப் பருவம் முதலே அம்ரிதா படம் வரைந்தார். 1924இல் தாய் அவரை இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு அழைத்துச் சென்று சமயப் பள்ளியொன்றில் சேர்த்தார். அப்பள்ளியின் கட்டுப்பாடு சிறுமிக்கு ஒவ்வவில்லை. சில மாதங்களில் இந்தியா திரும்பினார். சிம்லாவின் கன்னியர் மடப் பள்ளியில், தாம் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று வெளிப்படையாகச் சொன்னதால் நீக்கப்பட்டார். தாம் உணராததைச் சொல்ல மறுக்கும் இயல்பு அந்த வயதிலேயே அவரிடம் வேரூன்றிவிட்டது. பின்னர் அவருடைய கலைக்கு உயிர்நாடியாக அமைந்ததும் இவ்வியல்பே.

அம்ரிதாவின் திறனை முதலில் சரியாகக் கணித்தவர் தாய்மாமன் எர்வின் பக்தாய். ஓவியராகத் தொடங்கி இந்தியவியல் அறிஞராக வளர்ந்தவர் அவர். 1926இல் சிம்லாவுக்கு வந்த மாமன், கற்பனைக் காட்சிகளை வரைந்துகொண்டிருந்த மருமகளை உண்மை மனிதரை எதிரே அமர்த்தி வரையுமாறு தூண்டினார். வீட்டுப் பணியாளர்களும் அக்கம்பக்கத்தாரும் அவருடைய மாதிரிகளாயினர். மகளின் கல்வி பாரிஸ் நகரில் தொடரவேண்டும் என்று மாமன் வற்புறுத்த, 1929இல் குடும்பமே பாரிஸுக்குப் புறப்பட்டது.

பாரிஸ் தந்த பயிற்சியும் பரிசும்

பதினாறு வயதுப் பெண் அங்கே முதலில் கிராந்து ஷோமியேர் கலைக்கூடத்தில் பியேர் வயானிடமும், பின்னர் எக்கோல் தே போசார் நுண்கலைப் பள்ளியில் லூசியன் சிமோனிடமும் பயின்றார். உடலமைப்பை ஒளியும் நிழலும் கொண்டு திண்ணென எழுப்பும் மேலை நாட்டு எண்ணெய்வண்ண முறையில் தேர்ச்சி பெற்றார். செசானின் கட்டமைப்பும் கோகானின் தட்டையான வண்ணப் பரப்பும் அவரை ஈர்த்தன.

1932இல் அவர் வரைந்த 'இளம்பெண்கள்' என்னும் ஓவியம் அடுத்த ஆண்டு பாரிஸின் பெருங்கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அவர் அக்கண்காட்சி அமைப்பின் இணை உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய நாட்டார் ஒருவர்க்கு, அதுவும் இருபது வயதுப் பெண்ணுக்கு, இது அரிய பெருமை. அவ்வோவியத்தில் இரு பெண்கள் ஓர் அறையில் அமர்ந்திருக்கின்றனர். தங்கை இந்திராவை மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்ட பெண் தெளிந்து நிமிர்ந்திருக்கிறாள்; பாதி ஆடையும் அவிழ்ந்த கூந்தலுமாக இருக்கும் பிரெஞ்சுத் தோழியோ தனக்குள் சுருங்கியிருக்கிறாள். இரண்டு பண்பாடுகளும் இரண்டு மனநிலைகளும் தமக்குள் உரையாடுவதை இப்படத்தில் காண்கிறோம்.

இக்காலத்து ஓவியங்களுள் பெண்ணியச் சிந்தனைக்கு மிக நெருக்கமானது, 1934இல் தம்மையே தஹிதித் தீவுப் பெண்ணாக வரைந்துகொண்ட தற்படம். பால் கோகான் அத்தீவின் பெண்களை வரைந்து உலகப்புகழ் பெற்றவர். அவருடைய படங்களில் அப்பெண்கள் அந்நிய ஆடவன் ஒருவனின் கனவாகவே தோன்றுகின்றனர். அம்ரிதா அதே கோலத்தில் தம் உடலை நிறுத்தினார். பார்க்கப்படும் பெண்ணும் தூரிகை பிடித்தவரும் இப்போது ஒருவரே. அப்பெண் நம்மைப் பார்ப்பதில்லை. நம் பார்வைக்காக நிற்பவளும் அல்லள். அவள் பின்னே ஓர் ஆடவனின் நிழல் சுவரில் விழுந்துள்ளது. அந்நிழல் அவளைத் தீண்டாமலே நிற்கிறது. மெக்சிகோ நாட்டின் ஃப்ரீடா காலோ (1907–1954) தம் உடலையும் நோவையும் தற்படங்களாக எழுதிவந்த காலமும் இதுவே. ஒருவரையொருவர் அறியாத இரு பெண்கள் இருவேறு கண்டங்களில் ஒரே திசையில் நடந்தனர் எனலாம்.

பாரிஸில் தங்கியிருந்தால் புகழும் வாழ்வும் எளிதாக அமைந்திருக்கும். ஆயினும் தம் ஓவியம் உண்மையில் வேர்கொள்ளும் மண் இந்தியாவே என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1934ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தாயகம் திரும்பினார். கைவந்த வெற்றியைத் துறந்து, கைவராத ஒன்றைத் தேடிய இம்முடிவே அவருடைய முதற்பெரும் துணிவு.

மலைநாட்டு மாந்தர்

திரும்பிய சில மாதங்களிலேயே அவருடைய நடை மாறியது. 1935இல் 'மூன்று பெண்கள்', 'மலைநாட்டுப் பெண்கள்', 'மலைநாட்டு ஆடவர்', 'பாரதத் தாய்' முதலிய ஓவியங்கள் தோன்றின. 'மூன்று பெண்கள்' படத்தில் பின்னணி என எதுவும் இல்லை. வீடோ மரமோ வானமோ காட்டப்படவில்லை. வண்ண ஆடை உடுத்த மூவர், கண் தாழ்த்தி, ஒருவரோடு ஒருவர் பேசாமல் அமர்ந்திருக்கின்றனர். தம் கையில் இல்லாத ஏதோ ஒரு முடிவுக்காக அவர்கள் காத்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. 'பாரதத் தாய்' என்னும் தலைப்பும் நம் எதிர்பார்ப்பைக் கலைக்கிறது. நாட்டைச் சிங்கத்தின்மேல் அமர்ந்த தேவியாக அச்சிட்டு வீடுகளில் மாட்டிய காலம் அது. அம்ரிதா வரைந்த தாயோ தன் பிள்ளைகளோடு இருக்கும் ஓர் ஏழைப் பெண். மகுடமும் ஆயுதமும் இல்லாமல் பசியும் பொறுமையும் கொண்டவளே நாட்டின் தாய் என்று அந்தத் தூரிகை சொன்னது.

இவ்வோவியங்களைப் புகழ்வதோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. அம்ரிதா செல்வக் குடியில் பிறந்தவர். சிம்லா மாளிகையின் ஓவியக் கூடத்திலிருந்து மலைநாட்டு ஏழைகளைக் கண்டவர். மலைப்பெண்கள் உழைக்கவும் பாடவும் சண்டையிடவும் சிரிக்கவும் செய்பவர்கள். அவருடைய தொடக்ககாலப் படங்களில் அவர்கள் பெரிய கண்களில் துயரை மட்டும் ஏந்தி நிற்கின்றனர். அது அவர்களுடைய துயரா, பார்த்தவரின் துயரா என்று ஐயுற இடமுண்டு. ஏழையைக் கண்டதும் கண்கலங்கும் கவிதைக்கு நேர்வதும் இதுவே: எழுதியவரின் இரக்கம் தெரிகிறது, எழுதப்பட்டவரின் முகம் தெரிவதில்லை. அம்ரிதாவின் பெருமை, இக்குறையைத் தாமே கடந்து சென்றமையில் உள்ளது.

அதே 1935இல் சிம்லா நுண்கலைக் கழகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய ஓவியங்களுள் சிலவற்றை நடுவர்கள் ஏற்காமல் திருப்பினர். பாரிஸில் வரைந்த ஓவியம் ஒன்றுக்குப் பரிசும் அறிவித்தனர். தம் புதிய பாதையை மறுத்துவிட்டுப் பழைய பாதையைப் பாராட்டிய அப்பரிசை அவர் ஏற்கவில்லை. கழகத்துக்கே திருப்பி அனுப்பினார். செருக்குடையவர் என்ற பேச்சு எழுந்தது. ஓர் ஆண் கலைஞன் இதையே செய்திருந்தால் கொள்கைப் பிடிப்பு என்று பெயர் கிடைத்திருக்கும். தொடர்ந்து 1937இல் பம்பாய்க் கலைக்கழகம் 'மூன்று பெண்கள்' ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

தென்திசைப் பயணம்

1936ஆம் ஆண்டின் இறுதியில் அம்ரிதா பம்பாய்க்குச் சென்றார். அங்கே அறிமுகமான கலைத் திறனாய்வாளர் கார்ல் கண்டாலாவாலா, இராசபுத்திர, பஹாரிச் சிற்றோவியங்களின் அருமையை அவருக்கு எடுத்துக்காட்டினார். அதன்பின் ஓவியர் பரதா உகிலுடன் எல்லோராவையும் அஜந்தாவையும் கண்டார். அஜந்தாச் சுவர்கள் அவருடைய வாழ்வைத் திருப்பின. அங்கே அரசியும் பணிப்பெண்ணும் துறவியும் நெருங்கி நிற்கின்றனர்; முகபாவத்தைக் காட்டிலும் உடலின் வளைவும் கையின் அசைவும் உணர்வைச் சொல்கின்றன. சித்தன்னவாசல் குளத்தில் தாமரை பறிப்போரின் மெல்லிய மேனி வளைவைக் கண்டவர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. இரண்டும் சுவரோவிய மரபின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பயணம் தெற்கே தொடர்ந்தது. ஹைதராபாத்தில் பெருஞ்செல்வரான சாலார் ஜங் அவருடைய ஓவியங்களைப் பார்த்தார், வாங்கவில்லை. 1937இன் தொடக்கத்தில் திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி ஆகிய இடங்களைக் கண்டார். இரவிவர்மாவின் மண்ணான திருவிதாங்கூரில் அவருடைய ஓவியம் எளிதில் விலைபோகவில்லை. மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களோ அவரைக் கட்டி நிறுத்தின. பலரும் கவனியாது விட்ட அவ்வோவியங்களைப் பார்த்துப் படியெடுப்பதில் நாட்களைச் செலவிட்டார். கருநிற மேனியும் வெள்ளாடையும் சிவந்த மண்ணும் கூடிய தென்னாட்டின் வண்ணச் சேர்க்கை அவருக்குப் புதிதாக இருந்தது. வடநாட்டின் சாம்பல் பூத்த குளிர்காலத்தையே வரைந்துவந்தவருக்கு, வெயிலின் கீழும் மனிதர்கள் அமைதியாக இருக்க முடியும் என்பதைத் தெற்கு கற்பித்தது.

சிம்லா திரும்பி அவர் தீட்டிய மூன்று பெரிய ஓவியங்கள் இன்று தென்னிந்திய முப்படங்கள் எனப் போற்றப்படுகின்றன. 'மணப்பெண்ணின் ஒப்பனை', 'பிரமச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுக் கிராமத்தார்' என்பன அவை. மூன்றும் 1937இல் வரையப்பட்டவை.

'மணப்பெண்ணின் ஒப்பனை' நம் வீடுகளில் நாம் அறிந்த காட்சி. நடுவே மணமகள் அமர்ந்திருக்கிறாள். பின்னிருப்பவள் அவள் கூந்தலைப் பேணுகிறாள். சிறுவர்கள் அருகே உள்ளனர். மருதாணியிட்ட கைகள் காய்வதற்காக விரிந்திருக்கின்றன. அந்தக் கைகளால் அவள் அப்போது எதையும் செய்ய இயலாது. அவளுக்கு வேண்டிய யாவற்றையும் பிறரே செய்கின்றனர். திருமணத்தின் மங்கலமும், அந்நாளில் ஒரு பெண் தன் செயலை இழந்து அமர்ந்திருக்கும் நிலையும் ஒரே படத்தில் அடங்கிவிட்டன. இங்கே பெரிய கண்களும் கண்ணீரும் இல்லை. 'பிரமச்சாரிகள்' படத்தில் ஐந்து இளைஞர்கள் வெண்ணிற வேட்டியுடன் அமர்ந்துள்ளனர். ஒவ்வொரு உடலும் ஒவ்வொரு இயல்பைக் காட்டுகிறது. இரக்கத்தைக் கேட்டு நின்ற முகங்கள் இங்கு மறைந்தன. அமைப்பும் வண்ணமும் பேசத் தொடங்கின. அறிதலை நோக்கி அம்ரிதா எடுத்துவைத்த அடி இதுவே.

1937 பிப்ரவரியில் தில்லியில் நடந்த அவருடைய கண்காட்சியைக் காண சவகர்லால் நேரு வந்தார். இருவர்க்கும் நட்பு மலர்ந்து கடிதத் தொடர்பும் ஏற்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் லாகூரில் நடந்த தனிக்கண்காட்சி அறிஞர்களின் பாராட்டைப் பெற்றது. பாராட்டு வந்த அளவுக்கு விற்பனை வரவில்லை. வங்காள ஓவியப் பள்ளியின் கனவுமயமான நடையே இந்திய நடை என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், அதைக் கூர்மையாக மறுத்து எழுதியதால் பகையும் தேடிக்கொண்டார்.

பெண்கள் முற்றம்

1938இல் அம்ரிதா ஹங்கேரிக்குச் சென்று, இளமை முதல் அறிந்த உறவினரான மருத்துவர் விக்டர் எகனை சூலை 16 அன்று மணந்தார். பெற்றோர்க்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் அயல்நாட்டில் இருந்தபோது, வீட்டில் அவர் பாதுகாத்து வைத்திருந்த கடிதக் கட்டுகளைப் பெற்றோர் எரித்துவிட்டனர். நேரு எழுதிய கடிதங்களும் அவற்றுள் அடங்கும். ஒரு பெண்ணின் தனிவாழ்வு குடும்பத்தின் மானத்தைச் சேர்ந்தது என்னும் நம்பிக்கை, கற்றறிந்த அந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. இன்றும் அம்ரிதாவைப் பற்றிப் பேசுவோரில் பலர் அவருடைய அழகையும் காதல்களையும் சொல்லி முடித்துவிடுகின்றனர். ஓவியங்களுக்கு வரும்போது அவர்களிடம் சொல் தீர்ந்துவிடுகிறது. ஆண் ஓவியர்களின் வாழ்வை நாம் இம்முறையில் எழுதுவதில்லை.

போர்மேகம் சூழ்ந்த 1939இல் கணவரும் மனைவியும் இந்தியாவுக்கு வந்து, கோரக்பூரை அடுத்த சராயாவில் குடியமர்ந்தனர். அங்கே உறவினர்க்குச் சர்க்கரை ஆலையும் பெரிய பண்ணையும் இருந்தன. விக்டர் மருத்துவம் பார்த்தார். கலை உரையாடலுக்கு ஆளில்லாத ஊர், உறவினரைச் சார்ந்த வாழ்வு, விற்காத ஓவியங்கள். சோர்வு அவரை மீண்டும் மீண்டும் சூழ்ந்தது. சில காலம் தூரிகையையே தொட இயலாமல் இருந்தார். ஆயினும் அவருடைய மிக முதிர்ந்த படைப்புகள் பிறந்தது அந்தச் சராயாவில்தான்.

ஹங்கேரிக்குப் புறப்படுமுன் 1938இல் சராயாவில் வரைந்த 'பெண்கள் முற்றம்' இப்புதிய பார்வைக்குத் தொடக்கம். உறவுப் பெண்களும் பணிப்பெண்களும் திறந்தவெளியில் கூடியிருக்கின்றனர். ஒருத்திக்குத் தலை பின்னப்படுகிறது. 1940இல் 'ஊஞ்சல்', 'மஞ்சள் அரைக்கும் பெண்கள்', 'கட்டிலில் இளைப்பாறும் பெண்' ஆகியவை தோன்றின. பஹாரிச் சிற்றோவியங்களின், சிறப்பாகப் பசோலி நடையின், சுடர்விடும் வண்ணங்கள் இவற்றில் புகுந்தன. இவை பெரிய நிகழ்ச்சிகளைச் சொல்லும் படங்களல்ல. மஞ்சள் அரைத்தல், தலை வாருதல், கதை கேட்டல், நண்பகலில் சாய்ந்திருத்தல் என ஆடவர் நுழையாத அந்தப்புரத்தின் நீண்ட பொழுதுகளே இவற்றின் பொருள்.

'கட்டிலில் இளைப்பாறும் பெண்' படத்தைச் சற்று நின்று காணவேண்டும். சிவப்பு ஆடையுடன் இளம்பெண்ணொருத்தி கட்டிலில் கிடக்கிறாள். அருகே விசிறியுடன் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். கட்டிற்காலும் சிவப்பு. வெயில் தகிக்கும் ஒரு பகற்பொழுதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அச்சிவப்பு, அப்பெண்ணின் உள்ளே கனன்றுகொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறது. அது வேட்கையாகவும் இருக்கலாம். சினமாகவும், அடைபட்ட வாழ்வின் சலிப்பாகவும் இருக்கலாம். அகத்திணை மரபில் வந்த நமக்கு இது அயலான முறையன்று. தலைவியின் உள்ளத்தை நேரே கூறாமல் கருப்பொருளின்மேல் ஏற்றிச் சொல்லும் நம் புலவர் வழக்கைப்போல், அம்ரிதா உணர்ச்சியை முகத்திலிருந்து எடுத்து வண்ணத்தில் வைத்தார். மலைப்பெண்களின் வறுமை அவர் வெளியிலிருந்து கண்டது. அந்தப்புரத்துப் பெண்களின் காத்திருப்போ அவர் உள்ளிருந்து வாழ்ந்தது. சார்ந்து வாழ்தலும், சோர்வும், வெளியேறத் துடிக்கும் உள்ளமும் அவர்க்கும் உரியவையாகிவிட்டன. ஆகவே அவர் அவர்களுக்காக இரங்கவில்லை, அவர்களை அறிந்திருந்தார்.

பெண்ணின் ஆற்றல் என்றவுடன் சூலம் ஏந்திய தேவியையோ வாளேந்திய வீராங்கனையையோ நினைப்பது நம் வழக்கம். அம்ரிதாவின் பெண்கள் எதையும் ஏந்துவதில்லை. அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை அசைத்துவிட எவராலும் இயலாது என்னும் உணர்வு நமக்கு ஏற்படுகிறது. தாங்கும் வலிமை, எதிர்க்கும் வலிமைக்குக் குறைந்ததன்று. ஆவுடையின் பொருளும் தாங்குதல்தானே!

லாகூரில் மறைவு

1941 செப்டம்பரில் இருவரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். அறிவாளரும் கலைஞரும் நிறைந்த அந்நகரில் அம்ரிதாவுக்குப் புத்துணர்வு பிறந்தது. டிசம்பரில் பெரிய கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடாகியிருந்தது. வீட்டு மாடியிலிருந்து தெரிந்த கூரைகளையும் எருமைகளையும் ஓர் ஓவியமாக எழுதத் தொடங்கினார். அது முடிவு பெறவில்லை. திடீரென நோயுற்று, சில நாட்களுக்குள் நினைவிழந்து, டிசம்பர் 5 நள்ளிரவில் காலமானார். இராவி நதிக்கரையில் உடல் எரியூட்டப்பட்டது. அந்நாட்களில் ஹங்கேரிமீது பிரிட்டன் போர் அறிவித்ததால், துயரில் இருந்த கணவர் பகைநாட்டார் எனக் காவலில் வைக்கப்பட்டார். திட்டமிட்ட கண்காட்சி அம்மாத இறுதியில் நடைபெற்றது. ஓவியங்கள் இருந்தன, ஓவியர் இல்லை. மகளின் இழப்பைத் தாங்க இயலாத தாய் 1948இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தந்தை உம்ராவ் சிங் 1954இல் மறைந்தார்.

அதே 1954இல் தில்லியில் தேசிய நவீன கலைக்கூடம் திறக்கப்பட்டது. கணவரும் குடும்பத்தாரும் வழங்கிய அம்ரிதாவின் ஓவியங்கள் அதன் முதற்செல்வங்களுள் அடங்கும். 1976இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச்செல்வமாக அறிவித்தது. அவை நாட்டைவிட்டு வெளியே விற்கப்படலாகா. 1978இல் 'மலைநாட்டுப் பெண்கள்' அஞ்சல்தலையாக வெளிவந்தது. 1937இல் வரைந்த 'கதைசொல்லி' என்னும் ஓவியம் 2023 செப்டம்பரில் 61 கோடியே 80 இலட்சம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று. வாழ்நாளில் ஓர் ஓவியத்தை விற்கப் பட்டபாட்டை எண்ணும்போது, இவ்விலை பெருமையைக் காட்டிலும் வருத்தத்தையே தருகிறது.

அம்ரிதா திறந்த வழியில் பின்வந்த பெண் ஓவியர்கள் பலர். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற கேரளத்து டி.கே. பத்மினி (1940–1969) அவர்களுள் ஒருவர். நிலவையும் நிழலையும் கிராமத்துப் பெண்ணுடலையும் தமக்கே உரிய முறையில் எழுதியவர். அவரும் இருபத்தொன்பதாம் வயதில், மகப்பேற்றின்போது மறைந்தார். குறுகிய காலத்தில் இவர்கள் நிறைந்த பணியைச் செய்தனர் என்று வியக்கிறோம். இன்னும் எவ்வளவோ செய்திருப்பரே என்று ஏங்கவும் வேண்டியிருக்கிறது.

கவிஞர்க்கு ஒரு சொல்

நம் வட்டம் கடந்த பத்தாண்டுகளில் கேட்ட கவிதைகளுள் பெண்ணைப் பாடியவை மிகுதி. தாயைத் தெய்வமாக்கியவை உண்டு. வரதட்சணைத் தீயில் கருகியவளுக்காகக் கண்ணீர் விட்டவை உண்டு. புதுமைப்பெண்ணை அறைகூவி அழைத்தவையும் உண்டு. அவற்றின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடுப்படியில் நிற்பவளின் பிற்பகல் எவ்வாறு கழிகிறது, களத்துமேட்டில் நெல் தூற்றுபவளின் எண்ணம் எங்கே செல்கிறது, திருமணம் முடிவாகும் நேரத்தில் கூடத்துக் கதவின் பின்னே நிற்பவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பவற்றை நாம் எத்துணை எழுதியிருக்கிறோம்? அம்ரிதாவும் இரக்கத்தில்தான் தொடங்கினார். அதில் தங்கிவிடவில்லை. தாம் பெற்ற பாராட்டையும் தம் பழைய வெற்றியையும் ஐயுற்றுக் கடந்து, இருப்பதை இருந்தபடி அறியும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது.

வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. இனி வரும் கூட்டங்களில் பெண்பாற் கவிஞர்கள் மிகுதியாக எழுந்து தம் முற்றத்தைத் தாமே பாடுவார்களாக. கோலமிட்ட கைகள் அழியாத எழுத்தையும் இடட்டும். ஆடவர் பெண்ணைப் பாடும்போதும், அருகே அமர்ந்து, நெடுநேரம் பார்த்து, அதன்பின் பாடுவார்களாக.